ஏழைகளுக்கு உதவும் தொண்டு அமைப்போடு எங்கள் சபை சேரப் போகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

விடிவெள்ளி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சபையில் இத்தனை வருடமாக ஏழைகளுக்கு உதவி என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு நாள், மேடை போட்டு, பெயர் வாசித்து, ஆளுக்கு ஒரு பை கொடுத்து அனுப்புவோம். அவ்வளவுதான். போன முறை அந்தப் பையை வாங்கிக்கொண்டு போன ஒரு பெரியவர் வாசலில் நின்று, "அம்மா, ஜனவரியிலும் தருவீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதைக் கமிட்டியில் சொன்னேன், பேச்சு அங்கேதான் தொடங்கியது.

பக்கத்திலேயே ஒரு சின்னத் தொண்டு அமைப்பு இருக்கிறது. சம்பளத்துக்கு மூன்றே பேர், மற்றவர்கள் தன்னார்வலர்கள். வேலை போனவர்கள், வாடகை பாக்கியில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் என்று வருடம் முழுவதும் பார்க்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று கமிட்டி முடிவு செய்து, பேசி வர நான்கு பேர் கொண்ட குழு போட்டிருக்கிறது. அதில் நானும் ஒருத்தி.

ஆனால் சபைக்குள் இரண்டு விதமான பேச்சு. ஒரு பக்கம், காணிக்கைப் பணத்தை வெளியாள் கையில் எதற்குக் கொடுக்க வேண்டும், நாமே நம் சபையின் பெயரில் செய்யலாமே என்கிறார்கள். இன்னொரு பக்கம், மாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம், நமக்கு எதற்கு வம்பு என்கிறார்கள். எனக்கு இரண்டுமே மனதுக்கு ஒட்டவில்லை, ஆனால் எதிர்த்துப் பேச என்னிடம் அனுபவம் இல்லை. இதைச் செய்து பார்த்தவர்கள், முதல் சந்திப்பில் என்ன பேச வேண்டும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கணக்குநோட்டு:

சகோதரி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். இப்படி ஒரு சின்ன அமைப்பில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். நாலைந்து சபைகளோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறோம், நன்றாக நடந்ததும் உண்டு, பாதியில் முறிந்ததும் உண்டு. முறிந்தவை எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கின: என்ன கொடுப்பது என்று சபை முதலிலேயே முடிவு செய்துவிட்டு வந்தது.

ஒரு சபை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புக் கொடுத்துப் பழைய துணி சேர்த்து, பதினொரு மூட்டை கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கியது. மனதார செய்த காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பிரிக்க எங்கள் ஆட்கள் இரண்டு முழு நாள் உட்கார்ந்தார்கள். எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது ஒரு சிறு பையனின் சட்டை. வெள்ளைச் சட்டை, நன்றாகத் துவைத்து மடித்திருந்தது, ஆனால் பொத்தான் ஒன்றுகூட இல்லை, வேறு சட்டைக்கு வேண்டும் என்று யாரோ கத்தரித்து எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். எங்களோடு வேலை செய்யும் அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் உதவி கேட்டு வந்தவர்களுக்கு எங்களால் நேரம் கொடுக்க முடியவில்லை, அதுதான் உண்மையான நஷ்டம்.

அதனால் முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போங்கள். "உங்களுக்கு எது இல்லாமல் வேலை தடைப்படுகிறது?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைக்காததாக இருக்கும். எங்களிடம் கேட்டிருந்தால், உட்கார்ந்து பேச ஒரு மூடிய அறை வேண்டும், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேர் வாராவாரம் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லியிருப்போம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சபைகளும் "எங்கள் பணம் நேராக ஏழைக்குப் போக வேண்டும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் போகக் கூடாது" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய உதவித்தொகை ஒரு காகிதம் இல்லாமல் நின்றுபோயிருக்கும், அந்தக் காகிதத்துக்காக எங்கள் ஊழியர் அவரோடு நான்கு முறை அலுவலகம் ஏறி இறங்குவார். அந்த அலைச்சல்தான் உதவி, அந்த ஊழியரின் சம்பளமும் ஏழைக்குப் போகும் பணம்தான். அப்புறம், ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட மாதாமாதம் சின்னத் தொகை எங்களுக்கு மேல், அதை நம்பி அடுத்த மாதத்துக்குத் திட்டம் போடலாம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் அதுதானே, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள், நான் வரும்போது வசூல் வேண்டாம் என்று.

மாலைநேரம்:

அண்ணா சொல்வது புரிகிறது, ஆனால் நான் சூடுபட்டவன். எங்கள் சபை இரண்டு வருடம் ஒரு அமைப்புக்கு மாதாமாதம் பணம் கொடுத்தது. பெயர் வேண்டாம். நல்லவர்கள் என்று நம்பிக் கணக்கே கேட்கவில்லை, கேட்டால் விசுவாசக் குறைவு மாதிரி ஆகிவிடும் என்று எல்லோரும் பேசாமல் இருந்தோம். கடைசியில் கேட்டபோது அவர்களிடம் காட்ட ஒரு நோட்டுகூட இல்லை. பணம் போனதைவிட, அந்தப் பணத்தில் பாதி ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் போட்ட காணிக்கை என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. ஆகவே விடிவெள்ளி, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் எழுத்தில் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

கணக்குநோட்டு:

மாலைநேரம் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. கணக்குக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. கணக்குக் கேட்கும் சபையைத்தான் நாங்கள் நம்புகிறோம், ஏனென்றால் அவர்கள் நாளைக்கும் இருப்பார்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை, தீத்துவையும் சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூடச் சேர்த்தே அனுப்புகிறார், யாரும் குறை சொல்லக் கூடாது என்று காரணமும் எழுதுகிறார். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். யார் எதைச் செய்வார், எந்தப் பணம் எதற்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை யார் யாருக்குக் கணக்குக் காட்டுவது, விலகுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. திடீரென்று நிறுத்தினால் அடி வாங்குவது வரிசையில் நிற்பவர்கள்தான். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு என்று வந்த பணத்தை வேறு காரியத்துக்கு எடுக்கக் கூடாது, எடுக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். அதையும் எழுதுங்கள். போதகரின் சொந்தக்காரரோ மூப்பரின் சொந்தக்காரரோ அந்த அமைப்பில் சம்பளத்தில் இருந்தால் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசி வரிசை:

நான் இங்கே எழுதுவது அபூர்வம். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் எல்லோரும் கொடுக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் வாங்கின பக்கம்.

அப்பா இல்லாமல் போன பிறகு அம்மா ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் எங்களை வளர்த்தார். ஒரு இடத்தில் முதலில் முக்கால் மணி நேரம் ஜெபக் கூட்டம், அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் டோக்கன். அம்மாவுக்குக் கடவுள் நம்பிக்கை நிறைய உண்டு, ஆனால் அந்த டோக்கனுக்காகக் கண்ணை மூடி உட்கார்ந்தது அவரை எவ்வளவு கூசவைத்தது என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு படம் எடுத்தார்கள். எல்லோரும் பையைத் தூக்கிப் பிடித்துக் கேமராவைப் பார்க்க வேண்டும். அம்மா கையிலிருந்த விண்ணப்பத் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். படம் எடுத்தவர், "அம்மா, தாளை இறக்குங்க" என்றார். அம்மா இறக்கினார். எனக்கு அப்போது பதினொரு வயது, அவர் தாளை இறக்கிய விதம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு இடமும் இருந்தது, அதுவும் ஒரு சபைக் கட்டடம்தான். உள்ளே போனதும் ஒரு அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்றார். எதற்கு வந்தோம் என்று கேட்டது அதற்குப் பிறகுதான். அங்கே என்ன வாங்கினோம் என்று எனக்கு நினைவில்லை, அந்த நாற்காலி நினைவிருக்கிறது.

விடிவெள்ளி அக்கா, உங்கள் நால்வர் குழுவில் இப்படி உதவி வாங்கினவர் யாராவது இருக்கிறாரா? இல்லையென்றால் ஐந்தாவதாக ஒருவரைச் சேருங்கள். பேருக்கு உட்காரவைக்க வேண்டாம், முடிவெடுக்கும் ஆளாகச் சேருங்கள்.

சிறுமேய்ப்பன்:

கடைசி வரிசை எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். நான் போதகராக ஊழியம் செய்கிறேன். டோக்கனுக்கு முன் ஜெபக் கூட்டம் என்பதை என் ஆரம்ப நாட்களில் நானும் நடத்தியிருக்கிறேன். அது தவறு.

நீங்கள் கடைசியாகக் கேட்டது அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஏழு பெயரைக் கவனித்துப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் யாரிடமிருந்து வந்ததோ, பொறுப்பும் அந்தப் பக்கத்து ஆட்களிடமே போயிருக்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். பெரும்பான்மையாக இருந்தவர்கள் "நாங்களே இனி கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிப் பையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் அப்படிச் செய்யவில்லை.

மாலைநேரம்:

ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். ஜெபமும் வேண்டாம், சபையின் பெயரும் வேண்டாம் என்றால் சபை எதற்கு? இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றால் நாம் செய்வதற்கும் யாரோ ஒரு சங்கம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? எங்கள் சபையில் இதை மனதார நம்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் என்ன சொல்வது?

சிறுமேய்ப்பன்:

நல்ல கேள்வி தம்பி, இதை மழுப்பக் கூடாது. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஜெபத்தை விலையாக வைக்காதீர்கள் என்கிறேன். பசியோடு வந்தவன் "மாட்டேன்" என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறான், அப்படிப்பட்டவனின் "ஆமென்" என்ன ஆமென்? எங்கள் இடத்தில் ஜெப அறை திறந்திருக்கும், யாராவது கேட்டால் கூட உட்கார்ந்து ஜெபிப்போம், எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வோம். உதவி கிடைக்குமா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 1994-இல் கொண்டுவந்த நடத்தை விதிகளில், எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அதை முன்நின்று கொண்டுவந்தவர்களில் உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கரின் காரித்தாஸும் இருந்தார்கள். போப் பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் அன்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், திருச்சபையின் பெயரில் உதவி செய்கிறவர் தன் விசுவாசத்தைப் பிறர்மேல் திணிக்க முயலமாட்டார் என்று எழுதினார்.

உங்கள் பெரியவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை விரும்பாதவன். அவன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துத் தாங்குகிறார்களே என்று வருத்தப்படுகிறான். பிடிக்காதவன் கொடுத்த சாட்சி அது. அந்த ஏழைகள் யாரைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுத்திருந்தால் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்காது.

மாலைநேரம்:

ஜூலியன் விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. இதை எங்கள் கூட்டத்தில் சொல்கிறேன். முழுக்க ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலை" என்றீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

படிக்கட்டு:

நான் சமூகப் பணியாளர். யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது, ஜெபக் குறிப்பு. சிரிக்காதீர்கள், நான் பார்த்த கூட்டு வேலைகளில் அதிக காயம் இங்கேதான் உண்டானது. ஒரு தன்னார்வலர் நல்ல எண்ணத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில், இன்ன தெருவில் இருக்கும் குடும்பம், கணவர் சிறையில், கடைசிப் பெண் பள்ளிக்குப் போகவில்லை, ஜெபியுங்கள் என்று போட்டுவிட்டார். பெயர் போடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அப்படி ஒரே குடும்பம்தான். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள், அந்த வாரமே அந்தப் பெண்ணின் காதுக்குப் போய்விட்டது. அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை, எங்கள் ஊழியர் இரண்டு முறை வீட்டுக்குப் போயும் கதவு திறக்கவில்லை.

ஆகவே உதவி வாங்குகிறவர்களின் விவரம் அந்த அமைப்பைத் தாண்டி வரக் கூடாது. போதகர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. எத்தனை குடும்பம், என்ன மாதிரி உதவி என்ற எண்ணிக்கை போதும் உங்களுக்கு.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சபையிலிருந்து வரும் தன்னார்வலர்களுக்கு அந்த அமைப்பே பயிற்சி கொடுக்கட்டும். பிள்ளைகளோடு யாரும் தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது, எவ்வளவு வருடம் சபையில் இருப்பவரானாலும் சரி. சொந்தப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்காதீர்கள், முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு பேராகப் போங்கள். 1833-இல் பாரிஸில் ஓசானாம் என்ற மாணவரும் வேறு சில மாணவர்களும் தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் இன்றைக்கும் இரண்டு இரண்டு பேராகத்தான் வீடு பார்க்கப் போகிறார்கள். அப்புறம் கிறிஸ்துமஸ் மாதம் முப்பது பேர் வந்துவிட்டுப் பிப்ரவரியில் ஒருவரும் இல்லை என்றால் அது எங்களுக்குப் பாரம். ஆறு பேர் போதும், ஆனால் வருடம் முழுக்க வர வேண்டும்.

கடைசி வரிசை:

படிக்கட்டு அக்கா, அந்தக் கதவு திறக்காத பெண்ணை எனக்கு நன்றாகப் புரிகிறது.

விடிவெள்ளி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று.

வெறுங்கையோடுதான் போனோம். கணக்குநோட்டு அண்ணா சொன்ன கேள்வியையே கேட்டேன். அந்த அமைப்பை நடத்தும் அம்மா சிறிது நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, இதை யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். செவ்வாய், வியாழன் மதியம் எங்கள் சபை ஹால் காலியாக இருக்கிறதா? அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன அறையின் கதவு உள்ளிருந்து சாத்துமா? இப்போது அவர்கள் ஒரே அறையில் மூன்று மேசை போட்டுப் பேசுகிறார்கள், ஒருவர் அழுதால் மற்ற இருவரும் கேட்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் வேண்டும். அலுவலகங்களுக்குப் போய்வரும் பயணச் செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை வேண்டும். துணியும் பொருளும் கேட்டுச் சொன்னால் மட்டும் கொண்டுவாருங்கள் என்றார்.

ஒப்பந்தம் இரண்டே பக்கம்தான், முதலில் ஒரு வருடத்துக்கு. விலகுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். படம் எடுப்பதில்லை, மேடை இல்லை, பெயர் வாசிப்பது இல்லை. ஜெபக் குறிப்பு விஷயத்தைப் போதகர் ஐயாவே எழுந்து சொன்னார், எனக்கு மனசு நிறைந்தது. ஐந்தாவது உறுப்பினராக, முன்பு அந்த அமைப்பில் உதவி பெற்று இப்போது அங்கேயே தன்னார்வலராக இருக்கும் ஒரு அக்காவைக் கேட்டோம். முதலில் மறுத்தார், யோசித்துச் சொல்கிறேன் என்று போய் இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார். சும்மா இருக்கவில்லை, வந்த முதல் நாளே ஹாலின் முன்வாசல் வழியாக வேண்டாம், பக்கவாசல் வழியாக வரச் சொல்லுங்கள், முன்வாசல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்றார். இத்தனை வருடம் அந்த வாசலில் ஏறி இறங்கியும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பணத்தைவிடப் பெரிய சண்டை வந்தது சாவிக்குத்தான். ஹால் சாவியை அந்த அமைப்பிடம் கொடுப்பதா, இல்லை ஒவ்வொரு முறையும் நம் ஆள் போய்த் திறந்துவிடுவதா என்று ஒன்றரை மணி நேரம். பூட்டி வைத்திருக்கும் ஒலிபெருக்கி, கீபோர்டு எல்லாம் போய்விடும் என்று ஒரு மூப்பர் ரொம்பப் பயந்தார். திறக்கிறவருக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் போனால் வந்தவர்கள் வெளியில் நிற்க வேண்டுமே என்று புதிய உறுப்பினர் கேட்டார். அந்த மூப்பரே கடைசியில், ஒலிபெருக்கியை மேல் அறைக்கு மாற்றிவிடுகிறேன், சாவியைக் கொடுங்கள் என்றார்.

மாற்றுச் சாவி செய்யக் கொடுத்திருக்கிறோம், சனிக்கிழமை கிடைக்கும். செவ்வாய் மதியம் முதல் நாள். அன்றைக்கு ஹாலில் நாற்காலிகளை எப்படிப் போடுவது என்று கடைசி வரிசையிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன், நேரம் இருந்தால் எழுதுங்கள்.

கடைசி வரிசை:

வரிசையாகப் போடாதீர்கள் அக்கா. மூன்று நான்காகச் சேர்த்து, கதவுக்கு முதுகு காட்டாதபடி போடுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று தனியாக இருக்கட்டும், உள்ளே வரலாமா திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறவர் சிறிது நேரம் உட்கார்ந்திருக்க.